தீவுக்குத் தீவு, நிதானமாக: முதல்முறை படகேறுபவர்களுக்கு

முதல்முறை தீவுகளைச் சுற்றப் போனபோது, ஒரே நாளில் ஐந்து தீவுகள் என்று சொன்ன பயணத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். தீவு கூடக் கூட மகிழ்ச்சியும் கூடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு தீவிலும் நாற்பது நிமிடம். இறங்கி மணலில் நாலு அடி நடப்பதற்குள் படகிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். நாலாவது தீவில்தான் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. ஆனால் அதற்குள் நீந்துவதற்கு உடம்பில் தெம்பு இல்லை. இன்றைக்கு அந்த ஐந்தில் இரண்டு தீவுகள் எப்படி இருந்தன என்பதே எனக்கு நினைவில் இல்லை.

அதற்குப் பிறகு பலமுறை போய்விட்டேன். யார் கேட்டாலும் இப்போது முதலில் சொல்வது ஒன்றுதான்: இரண்டு தீவு போதும், மிஞ்சினால் மூன்று. மற்ற எல்லா ஏற்பாடும் இதற்குப் பிறகுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 4 மணிக்குத் திரும்பினால் கையில் 8 மணி நேரம். ஒரு தீவிலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக 25 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். படகை நிறுத்தி, ஆட்கள் இறங்கி, திரும்ப எல்லாரையும் சேர்த்து ஏற்ற இன்னொரு அரை மணி நேரம் போய்விடும். ஐந்து தீவு என்றால் ஆறு ஓட்டம். ஓட்டத்துக்கும் ஏறி இறங்கவும் மட்டும் 5 மணி நேரம் கரைந்துவிடுகிறது. ஒரு தீவுக்கு மிஞ்சுவது நாற்பது நிமிடம்கூட இல்லை. அதே நாளில் இரண்டு தீவு மட்டும் என்றால், ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இருக்கலாம். ஒரு முறை நீந்தி, நிழலில் கண்ணயர்ந்து, மறுபடி இறங்க அது போதும்.

முதலில் மாதத்தைப் பாருங்கள்

ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மாதத்தைப் பார்ப்பது பலர் செய்யும் தவறு. வெப்பமண்டலக் கடல் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. தாய்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையில் இருக்கும் புக்கெட், கிராபி பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. கிழக்கே, வளைகுடாவில் இருக்கும் கோ சமுயிக்கு நவம்பர்தான் பெருமழை மாதம். ஒரே நாடு, ஒரே மாதம், இரண்டு வேறு கடல்கள். மாலத்தீவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். பிலிப்பைன்ஸின் பலவான் பக்கம் டிசம்பர் முதல் மே வரை நல்ல காலம். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதால், கரீபியன் தீவுகளுக்குப் போகிறவர்கள் அதை ஒதுக்கித் திட்டமிடுவது நல்லது.

சில தீவுகளை வருடத்தில் சில மாதங்கள் மூடியே வைக்கிறார்கள். தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை திறப்பதில்லை. பீ பீ தீவுகளில் இருக்கும் மாயா விரிகுடாவைக் கூட்டம் தாங்காமல் 2018 ஜூனில் மூடினார்கள். பவளப்பாறைகள் பெரிய அளவில் சிதைந்திருந்தன. 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் வருவதில்லை, தீவின் பின்பக்கம் இறக்கிவிடுகிறார்கள். இத்தனை தூரம் போய் ஏமாறாமல் இருக்க, நீங்கள் பார்க்க விரும்பும் தீவு அந்த மாதம் திறந்திருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. விடுமுறையின் கடைசி நாளைப் படகுக்கு ஒதுக்காதீர்கள். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ வைத்துக்கொண்டால், காற்று பலமாக இருந்து பயணம் ரத்தானாலும் மறுநாள் போய்க்கொள்ளலாம். கடைசி நாளில் வைத்தவர்கள்தான், போக வேண்டாம் என்று எல்லாரும் சொல்லும் நாளிலும் படகேறத் துணிகிறார்கள்.

எந்தப் படகு

பலரும் சேர்ந்து போகும் படகு, உங்களுக்கென்று தனியாக அமர்த்திக்கொள்ளும் படகு என்று பொதுவாக இரண்டு வழி. சேர்ந்து போகும் படகில் செலவு குறைவு. ஆனால் நேரம் உங்கள் கையில் இல்லை. நாலைந்து பேராகச் சேர்ந்து போகிறவர்கள் தனிப்படகை விசாரித்துப் பார்ப்பது நல்லது. ஆளுக்கு வரும் செலவு நினைத்த அளவுக்கு ஏறாமல் இருக்கலாம், நிதானம் மட்டும் உறுதியாகக் கிடைக்கும். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்குத் தனிப்படகைத்தான் சொல்வேன்.

வேகப்படகில் தூரம் சீக்கிரம் கடக்கும், ஆனால் அலையில் தூக்கிப் போடும். அதன் முன்பக்கத்தில் உட்கார்ந்தால் முதுகெலும்புக்கு அடி; முதுகு வலி இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் வேகப்படகையே தவிர்க்க வேண்டும். தாய்லாந்தின் நீள்வால் படகு, பிலிப்பைன்ஸில் இருபுறமும் மூங்கில் மிதவைகள் கட்டிய பங்கா, மாலத்தீவின் தோணி போன்றவை மெதுவாகப் போகும். அருகருகே இருக்கும் தீவுகளுக்கு எனக்கு இவைதான் பிடிக்கும். கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம், பக்கத்தில் இருப்பவரிடம் கத்தாமல் பேசவும் முடியும்.

முன்பதிவு செய்யும்போது படகுக்காரரிடம் சில கேள்விகள் கேளுங்கள். மொத்தம் எத்தனை பேர்? உயிர்காப்பு அங்கி எல்லாருக்கும் உண்டா, குழந்தை அளவில் இருக்கிறதா? படகில் நிழல் உண்டா, கழிப்பறை உண்டா? தீவு நுழைவுக் கட்டணம் இதில் அடங்குமா? காற்று பலமானால் பணம் திருப்பித் தருவீர்களா? கடைசியாக, எனக்கு முக்கியமான கேள்வி: தீவுகளின் வரிசையை அன்றைய கடலைப் பார்த்து மாற்றுவீர்களா? மாற்றுவோம் என்று சொல்கிறவர் கடல் தெரிந்தவர். என்ன ஆனாலும் அட்டவணைப்படிதான் என்கிறவரிடம் நான் ஏறுவதில்லை.

காற்றும் ஓதமும்

நிதானமான நாளுக்கும் அலைக்கழிப்பான நாளுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் இருக்கிறது. புதிதாகப் போகிறவர்கள் வானிலையில் மழையை மட்டும் பார்க்கிறார்கள். மழை நனைப்பதோடு சரி. கடலைக் கெடுப்பது காற்று.

வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலிருக்கும் காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வீசத் தொடங்குகிறது. முற்பகலில் ஆரம்பித்து பிற்பகலில் அது பலமாகும். அதனால்தான் காலை 7 மணிக்கு எண்ணெய் ஊற்றியதுபோல் இருந்த கடல், 2 மணிக்கு நுரை கக்கிக்கொண்டு நிற்கிறது. இதிலிருந்து இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, சீக்கிரம் கிளம்புவது. இரண்டாவது, தூரத்துத் தீவை முதலில் வைத்து, கரைக்குப் பக்கத்துத் தீவைக் கடைசியில் வைப்பது. கடல் கொந்தளிக்கும் நேரத்தில் நீங்கள் வீட்டுப் பக்கமாக நெருங்கியிருப்பீர்கள்.

காற்றின் வேகத்தைச் செயலிகள் நாட் கணக்கில் காட்டும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 10 நாட் அளவுக்குக் கீழே இருந்தால் சுகமான நாள். 11 முதல் 16 நாட் என்றால் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரியும், சிறு படகு ஆடும், வயிறு கலங்குகிறவர்களுக்குக் கஷ்டம். அதற்கு மேல் என்றால், நீச்சல் பழகாத புதியவர்கள் அந்த நாளைத் தள்ளிப்போட வேண்டும் என்பது என் முடிவான கருத்து.

அடுத்தது ஓதம். கடல் ஏறுவதும் வற்றுவதும் பெரும்பாலான இடங்களில் நாளுக்கு இரண்டு முறை நடக்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்றைக்கு 9 மணிக்கு உச்சம் தொட்ட ஏற்றம் நாளைக்கு ஏறக்குறைய 9.50க்குத் தொடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம், நீரோட்டமும் வேகம். அஷ்டமியை ஒட்டி, நிலா பாதியாக இருக்கும் நாட்களில் எல்லாமே மெதுவாக நடக்கும். தேதி உங்கள் கையில் இருந்தால் அந்தப் பாதி நிலா நாட்களைத் தேர்ந்தெடுங்கள்; முதல்முறை முகக்கண்ணாடி போட்டு நீந்தப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

ஏற்றம் ஆறு மணி நேரத்தில் ஒரே சீராக நடப்பதில்லை. மாலுமிகள் அதைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்துச் சொல்வார்கள்: முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. அதாவது நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் நகர்ந்துவிடுகிறது. நீரோட்டம் இழுப்பது பெரும்பாலும் அப்போதுதான். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் சந்தியில் தண்ணீர் சற்று நேரம் நின்றதுபோல் இருக்கும். நீந்துவதற்கு அந்த நேரமே உத்தமம், தண்ணீரும் தெளிவாக இருக்கும்.

தீவின் அழகும் ஓதத்தைப் பொறுத்தது. கடல் நடுவே வெள்ளையாக நீண்டு கிடக்கும் மணல்திட்டு வற்றத்தில்தான் வெளியே தெரியும். ஏற்றத்தில் போனால் வெறும் தண்ணீர்தான். தாய்லாந்தின் பாங் ஙா விரிகுடாவில், சுண்ணாம்புக் குன்றுகளுக்குள் ஒளிந்திருக்கும் குளங்களுக்குக் குகை வழியாகக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் போகவேண்டும்; ஓதம் சரியான மட்டத்தில் இருந்தால் மட்டுமே உள்ளே நுழைய முடியும். இதற்கு மாறாக, பவளத் திட்டின் மேல் நீந்தத் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். வற்றத்தில் போனால் வயிறு பாறையில் உரசும்.

ஒருமுறை எங்கள் படகு மணலில் தட்டி நின்றுவிட்டது. வற்றம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தண்ணீர் அடிமட்டம் போய், மறுபடி பழைய அளவுக்கு ஏறும் வரை இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். குடிக்கத் தண்ணீர் கையில் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ஓத அட்டவணையைப் பார்க்காமல் நான் கிளம்புவதே இல்லை.

முந்தைய இரவு

பையை இரவே கட்டிவிடுங்கள். தண்ணீர் புகாத சுருட்டுப் பை ஒன்று வாங்கிக்கொள்வது நல்ல முதலீடு. வாயை மூன்று நான்கு முறை சுருட்டிப் பூட்டினால்தான் அது வேலை செய்யும், சும்மா மடித்துப் பூட்டினால் ஒழுகும். உள்ளே போக வேண்டியவை அதிகமில்லை. துண்டு, மாற்றுத் துணி, அகலத் தொப்பி, வெயில் களிம்பு, ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர், வாழைப்பழம், உப்பு பிஸ்கட், சிறிய முதலுதவிப் பொட்டலம், கொஞ்சம் ரொக்கம். கடலில் மணலும் பாறையும் கலந்திருக்கும், ஆகவே பின்பக்கம் வார் உள்ள ரப்பர் செருப்பு. முழுக்கை நீச்சல் சட்டை மிக மிக அவசியம், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். கடவுச்சீட்டு, நகை, லேப்டாப் எதுவும் வேண்டாம். அறையிலேயே இருக்கட்டும்.

படகில் வாந்தி வருமோ என்று பயப்படுகிறவர்கள் கிளம்பும் முன்பே மாத்திரை போட வேண்டும். மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் ஆகியவை வழக்கமானவை. குமட்டல் வந்தபிறகு போட்டால் பிரயோஜனம் குறைவு, ஒரு மணி நேரம் முன்பாகப் போடுவதுதான் முறை. இரண்டும் தூக்கம் வரவழைக்கும். வேறு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. மாத்திரை வேண்டாம் என்கிறவர்கள் இஞ்சியை முயன்று பார்க்கலாம். முந்தைய இரவு மது குடித்துவிட்டுக் காலையில் வெறும் வயிற்றோடு ஏறுவது நிச்சயமாகக் கஷ்டத்தில் கொண்டுபோய் விடும். இட்லி அளவுக்கு லேசான ஏதாவது ஒன்று, எண்ணெய் இல்லாமல், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சாப்பிடுங்கள்.

தூங்கும் முன் ஒரு தடவை காற்றையும் ஓதத்தையும் பார்த்துவிட்டு, படகுக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பி நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். முடிந்தால் எல்லாரையும்விட அரை மணி நேரம் முந்திக் கிளம்பக் கேளுங்கள். முதல் தீவில் கூட்டம் வருவதற்கு முன்பு கிடைக்கும் அந்த அரை மணி நேரத்தை எதனோடும் ஒப்பிட முடியாது. மணலில் நண்டுத் தடமும் உங்கள் காலடியும் மட்டும் இருக்கும்.

படகில்

ஏறியதும் உயிர்காப்பு அங்கியைப் போட்டு, எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறி வந்தால் அது உங்கள் அளவு இல்லை, மாற்றிக் கேளுங்கள். குழந்தைகளுக்குக் காலிடுக்கில் போகும் பட்டை இருக்கும் அங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் அங்கி மேலே மிதக்க, குழந்தை கீழே நழுவும்.

உட்கார நடுப்பகுதியும் பின்பகுதியும் நல்லது, ஆட்டம் குறைவு. குமட்டினால் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். காது உணரும் ஆட்டத்துக்கும் கண் பார்ப்பதற்கும் பொருந்தாததால்தான் தலை சுற்றுகிறது. தொடுவானத்தைப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

வெயிலைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேகமூட்டம் என்று களிம்பு பூசாமல் விட்டுவிடுவார்கள். மெல்லிய மேகத்தை 90 சதவீதத்துக்கும் மேலான புறஊதாக் கதிர்கள் ஊடுருவிவிடும். தண்ணீருக்கு அரை மீட்டர் கீழேகூட மேற்பரப்பில் இருப்பதில் 40 சதவீதம் இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து ஒரு மணி நேரம் மிதப்பவருக்கு முதுகும் முழங்காலின் பின்பக்கமும் வெந்துபோவது இதனால்தான். தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் எரிவதே தெரியாது, இரவில்தான் தெரியும். மாநிறமும் கறுப்பும் இதற்கு விலக்கு இல்லை. முழுக்கைச் சட்டையும் முழங்கால் வரையிலான நீச்சல் கால்சட்டையும் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்குக் களிம்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை.

களிம்பிலும் ஒரு தேர்வு இருக்கிறது. ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்ஸேட் என்ற இரண்டு பொருட்கள் கலந்த களிம்புகளை, பவளங்களைப் பாதிக்கும் என்ற காரணத்தால் ஹவாய் மாநிலம் 2021 ஜனவரி 1 முதல் விற்கத் தடை செய்தது. பசிபிக் கடலில் இருக்கும் பலாவ் நாடு 2020 முதலே இன்னும் நீளமான பட்டியலைத் தடை செய்திருக்கிறது. துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு உள்ள களிம்பை வாங்குங்கள். முகம் கொஞ்சம் வெளுத்துத் தெரியும், பரவாயில்லை.

முகக்கண்ணாடி போட்டுத் தண்ணீருக்குள்

ஒரு நாள் முழுக்கத் தீவுகளுக்குப் போய்விட்டு, தண்ணீருக்குள் முகம் வைக்காமல் திரும்பினால் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். கடல் தரையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடத்தில்தான் பவளத் திட்டுகள் இருக்கின்றன. ஆனால் கடல் உயிரினங்களில் கால் பங்கு அவற்றை நம்பி வாழ்கிறது. நீச்சல் தெரியாதவர்களும் அங்கி போட்டு, படகுக்காரர் கூட இருக்க, மிதந்தபடியே பார்க்கலாம். பயப்பட வேண்டியதில்லை, அவசரப்படாமல் இருந்தால் போதும்.

முதலில் முகக்கண்ணாடி. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டியிருந்தால் அது உங்கள் முகத்துக்குச் சரி. விழுந்தால் வேறு கேளுங்கள். தலைமுடியும் மீசையும் விளிம்புக்குள் மாட்டினால் தண்ணீர் கசியும். கசிகிறதே என்று வாரை மேலும் மேலும் இறுக்குவார்கள், அது இன்னும் கசியவைக்கும். கண்ணாடி மங்காமல் இருக்க உள்பக்கம் எச்சில் தடவி, லேசாகக் கடல்நீரில் அலசிவிட்டுப் போடுங்கள். குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு சொட்டும் அதே வேலையைச் செய்யும்.

பிறகு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு பத்து நிமிடம் பழகுங்கள். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுக் குழாயின் வாயைப் பல்லால் மெதுவாகக் கடித்து, உதட்டால் மூடி, வாயால் நீளமாக மூச்சு விடுங்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து முப்பது மூச்சு எண்ணுங்கள். குழாய்க்குள் தண்ணீர் வந்தால் பதற வேண்டாம், ‘தூ’ என்று பலமாக ஒரு ஊது, வெளியேறிவிடும். இதை வேண்டுமென்றே நாலைந்து முறை செய்து பார்த்தால் பயமே போய்விடும். இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காமல் படகிலிருந்து நேராக ஆழத்தில் குதிக்கிறவர்கள்தான் ஒரு வாய் உப்புத் தண்ணீர் குடித்து, அதோடு வேண்டாம் என்று ஏறிவிடுகிறார்கள். எத்தனை பேர் அப்படி இழந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நீந்தும்போது கையை வீச வேண்டாம். உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, காலை இடுப்பிலிருந்து மெதுவாக அசைத்தால் போதும். அசைவு குறையக் குறைய மீன்கள் பக்கத்தில் வரும். ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் மிதந்து பாருங்கள். முதலில் வெறும் பாறையாகத் தெரிந்தது மெல்ல மெல்ல உயிர் பெறும். கிளிமீன் பாறையைக் கொரிக்கும் ‘கறுக் கறுக்’ சத்தம் காதில் கேட்கும். அது பவளத்தின் மேலிருக்கும் பாசியைச் சுரண்டித் தின்னும்போது சுண்ணாம்பையும் சேர்த்து விழுங்கி, அரைத்து, வெள்ளை மணலாக வெளியேற்றுகிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் தரும். நீங்கள் சற்றுமுன் படுத்திருந்த வெள்ளை மணற்கரையில் ஒரு பகுதி அப்படி வந்ததுதான்.

பாதுகாப்புக்குச் சில பழக்கங்கள். தனியாக இறங்கக்கூடாது, எப்போதும் இரண்டு பேர். இறங்கியதும் எந்தப் பக்கம் நீரோட்டம் போகிறது என்று பார்த்து, முதலில் அதற்கு எதிராக நீந்துங்கள். களைத்துத் திரும்பும்போது அதுவே உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கிப் படகு எங்கே என்று பாருங்கள். மேலே போய்வரும் மற்றப் படகுகளையும் கவனிக்க வேண்டும். கரைக்கு அருகில் தண்ணீர் கடலை நோக்கி இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்துப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகி, அப்புறம் கரைக்கு வாருங்கள். முடியவில்லை என்றால் மல்லாந்து மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டுங்கள்.

28 டிகிரித் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். குழந்தைகள் நடுங்கத் தொடங்கினால் உடனே ஏற்றித் துவட்டிவிடுங்கள். நாற்பது நிமிடம் நீந்தி, அரை மணி நேரம் ஓய்ந்து, மறுபடி இறங்குவது எல்லாருக்கும் ஒத்துவரும். இதய நோய் இருப்பவர்கள் இறங்கும் முன் மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

தொடக்கூடாதவை

பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அது கல் இல்லை, உயிர். கிளைவிடும் வகைகள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் வரை வளரும். பாறைபோல் திரண்டு நிற்கும் வகைகள் 0.3 முதல் 2 சென்டிமீட்டர்தான். உங்கள் உயரத்துக்கு நிற்கும் ஒரு பவளக் குன்று, உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து வளர்ந்துவருவதாக இருக்கலாம். காலில் மாட்டிய நீச்சல் துடுப்பால் ஒரு மிதி போதும், அது உடைந்துவிடும். களைத்தால் மணல் உள்ள இடம் பார்த்து நில்லுங்கள், அல்லது படகைப் பிடியுங்கள். படகுக்காரர் நங்கூரத்தைப் பவளத்தின் மேல் போடாமல் மிதவையில் கட்டுகிறாரா என்றும் பாருங்கள். கட்டினால் நன்றி சொல்லுங்கள், அந்த நன்றி வேலை செய்யும்.

ஆமையைக் கண்டால் மூன்று மீட்டராவது தள்ளி இருங்கள். அது மூச்சு விட மேலே வரும்போது வழியை மறிக்கக்கூடாது. மீனுக்கு ரொட்டி போடுவது அன்பாகத் தோன்றும், அதன் இயல்பைக் கெடுக்கிறது, வேண்டாம்.

அழகான கூம்புச் சங்கைக் கையில் எடுக்க வேண்டாம். உள்ளே உயிர் இருந்தால் ஊசிபோல் ஒரு பல்லால் குத்தும். சில வகைகளின் விஷம் மனிதரைக் கொன்றிருக்கிறது. ஆழமில்லாத இடத்தில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள், திருக்கை மீன்கள் விலகிப் போகும். கல்போல் கிடக்கும் விஷமுள்ள கல்மீன் குத்தினால், கை தாங்கும் அளவு சூடான, 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் வலி குறையும். அதைச் செய்துகொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்கவும் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றவும் கூடாது. கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைக் கையால் தொடாமல் எடுங்கள். பெட்டி வடிவச் சொறி மீன் உள்ள கடல்களில் வினிகரை ஊற்றுவார்கள். அங்கே போகிறவர்கள் படகில் வினிகர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் மருத்துவ உதவிக்குப் போங்கள்.

கரீபியன் தீவுகளில் மான்சினீல் என்றொரு மரம் கடற்கரை ஓரமாக நிற்கும். பழம் சின்ன ஆப்பிள்போல் இருக்கும். அதைத் தின்னவும் கூடாது, மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கவும் கூடாது. சொட்டும் நீர்கூடத் தோலைப் பொத்துப்போகச் செய்யும்.

மதியம்

11 மணியிலிருந்து 2 மணி வரை எதுவும் செய்யாதீர்கள். இரண்டு தீவு என்று திட்டம் போட்டதே இந்த நேரத்துக்காகத்தான். நிழல் பார்த்துத் துண்டை விரித்து, சாப்பிட்டு, படுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் குலை தள்ளி நிற்கும் தென்னைக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். உப்புக் காற்றில் தாகம் தெரிவதில்லை, தலைவலி வந்தபிறகுதான் தெரியும்.

படம் எடுக்க வேண்டுமென்றால் அதையும் கால் மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் கடலின் நிறங்கள் பிரிந்து தெரியும்: வெளிர் நீலம் மணல், கருநீலம் ஆழம், பழுப்பு படிந்த இடம் மேலே வந்திருக்கும் பாறை. படகுக்காரர்கள் வழி பார்ப்பது இந்த நிறங்களை வைத்துத்தான். அவரிடம் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார். நான் கடலைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பாதி இப்படி மதிய நிழலில் உட்கார்ந்து கேட்டது.

திரும்பும்போது

3 மணிக்குக் கிளம்பலாம். கொண்டுவந்த குப்பை எல்லாம் உங்களோடு திரும்ப வேண்டும், பழத்தோல் உட்பட. மணலில் கிடக்கும் வெறும் சங்கையும் அங்கேயே விடுங்கள். வளரும் துறவி நண்டுக்கு அடுத்த வீடு அதுதான். பலாவ் நாட்டுக்குள் நுழையும் பயணிகள், தீவுக்குத் தீங்கு செய்ய மாட்டேன் என்று தீவின் குழந்தைகளுக்குத் தரும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். 2017 இறுதியில் கொண்டுவந்தார்கள், கடவுச்சீட்டிலேயே முத்திரையாக அடித்துவிடுவார்கள்.

வரும் வழியில் காற்று எதிராக வீசினால் நனைவீர்கள். உலர்ந்த சட்டையை அப்போது மாற்றாமல், கரை சேர்ந்ததும் மாற்றுங்கள். ஒரு மெல்லிய மழைக்கோட்டு இருந்தால் குளிர் தெரியாது. அறைக்குப் போனதும் முகக்கண்ணாடியையும் குழாயையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்துவிட்டு, குளித்து, தோலுக்குக் கற்றாழைக் கூழ் ஏதாவது பூசிக்கொள்ளுங்கள். இரவு படுக்கையில் கண்ணை மூடினால் உடம்பு இன்னும் அலையில் ஆடுவதுபோல் இருக்கும். பெரும்பாலும் காலைக்குள் சரியாகிவிடும்.